மொய் நோட்டும் விளம்பரக் கணக்கும்

நாலு பேர் பார்க்க வேண்டும் என்னும் ஆசை அடுப்படியில் புதுப் பண்டம் ஒன்று செய்தவருக்கும் உண்டு. ஏட்டில் நாலு வரி எழுதியவருக்கும் உண்டு. பிறந்த மண்ணை விட்டு அயலூரில் குடியிருக்கும் நம்மனோர்க்கு அவ்வாசை சற்று மிகுதி என்றே சொல்லலாம். சொந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செய்தி சொன்னால் மறுநாள் தெரு முழுவதும் அறியும். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு தமிழில் சொன்னால் யார் கேட்பார்?

இந்தக் குறை தீரத்தான் என் மனைவி மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். பிலாஸ்பூர்க் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைப்பது எப்படி, முருங்கையை இவ்வூர்ச் சந்தையில் ‘முங்கா’ என்று கேட்டு வாங்க வேண்டும் என்பது போன்ற செய்திகளை எழுதி வந்தாள். நாள்தோறும் பத்துப் பேர் வந்து படிப்பார்கள். அப்பத்துப் பேரில் ஆறு பேர் எங்கள் உறவினர்!

“காசு செலவில்லாமல் விளம்பரம் செய்துகொள்ள வழி இருக்கிறது, ஐயா. பிறருடைய விளம்பரத்தை உங்கள் பக்கத்தில் காட்டுங்கள், உங்கள் விளம்பரத்தை அவர்கள் காட்டுவார்கள்” என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நான் கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா. செலவில்லாத வரவு என்றதும் எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, சேர்ந்துவிட்டோம்.

அதில் நாங்கள் கண்டது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த ஏற்பாடு நடைபெறும் முறையை முதலில் விளக்கிவிடுவது நலம். ஊறுகாய் விற்கவும், தையல் கற்பிக்கவும், கதை எழுதவும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் இன்று இணையத்தை நாடுகின்றன. அவர்களுக்கு இது பயன்படும்.

பொது மொய் நோட்டு

திருமண வீட்டு வாயிலில் மேசை போட்டு மொய் எழுதுவதை நாம் அறிவோம். இன்னார், இன்ன ஊர், இவ்வளவு தொகை என்று நோட்டில் ஏறும். நாம் அங்கே வைத்தது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். மொய் வைப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

முகமறியாத பதினாயிரம் பேர் தமக்குள் மொய் செய்துகொள்ள வேண்டுமானால் என்ன செய்வது? எல்லாருக்கும் பொதுவாக ஒருவர் நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இராமன் வீட்டில் நான் வைத்ததைக் கந்தன் வீட்டிலிருந்து பெற்றுக்கொள்ள வழி செய்ய வேண்டும். விளம்பரப் பரிமாற்ற நிறுவனம் என்பது இப்பொது நோட்டை வைத்திருக்கும் வீடுதான்.

உறுப்பினராகச் சேர்ந்ததும் நிறுவனம் சில வரி நிரலைக் கொடுக்கும். அதை நம் பக்கத்தில் பதித்துவிட வேண்டும். ஒருவர் நம் பக்கத்தைத் திறக்குந்தோறும் நிறுவனத்தின் கணினி வேறோர் உறுப்பினரின் விளம்பரத்தை அங்கே அனுப்பிவைக்கும். நம் பெயரில் வரவும் எழுதிக்கொள்ளும். இவ்வரவைத்தான் ‘கிரெடிட்’ என்கிறார்கள். நம் விளம்பரம் பிறர் பக்கத்தில் தோன்றுந்தோறும் அந்த வரவிலிருந்து கழிக்கப்படும். கைக்காசு எங்கும் புழங்குவதில்லை.

காலி வண்டிக்குச் சரக்கு

இம்முறை பிறந்த கதை சுவையானது. 1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்டு’ என்னும் அமெரிக்க இணைய இதழ் தன் பக்கங்களில் பட்டை வடிவ விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் அதற்குப் பணம் தந்தன. ஆனால், தனி மனிதர்கள் ஆர்வத்தால் நடத்திய சிறு பக்கங்களை நாடி எந்தக் கம்பெனியும் வரவில்லை. அவர்களிடம் விளம்பர இடம் இருந்தது, வாங்குவாரில்லை.

ஹார்வர்டில் உடன் பயின்றவர்களான டோனி ஷே, சஞ்சய் மதன் என்னும் இரு இளைஞர்கள் ஆரக்கிள் நிறுவன வேலையை உதறிவிட்டு, 1996-ஆம் ஆண்டில் ‘லிங்க் எக்ஸ்சேஞ்ச்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விற்காத இடங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளச் செய்வதே அவர்கள் கண்ட உபாயம். ரயில்வே ஊழியனுக்கு இது எளிதில் விளங்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வாகன் எப்படியும் ஓடத்தான் போகிறது. அதில் யாருடைய மூட்டையையேனும் ஏற்றினால் அது ஆதாயமேயன்றி நட்டமன்று. பரிமாற்றத்தின் உண்மையான பயன் இதுதான். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

எனினும், கணக்கில் ஒரு நுட்பம் இருந்தது. உறுப்பினர் தம் பக்கத்தில் 2 விளம்பரம் காட்டினால் அவருக்குக் கிடைப்பது 1 வரவு. எஞ்சிய 1 நிறுவனத்தின் பங்கு. அந்தப் பங்கைப் பணம் தரும் விளம்பரதாரர்களுக்கு விற்கலாம். தனித்தனியே எவரும் ஏறிட்டுப் பார்க்காத சிறு பக்கங்கள் பல ஆயிரம் ஒன்றுசேர்ந்தபோது பெரும் சந்தை ஆகிவிட்டன. 1998 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் லிங்க் எக்ஸ்சேஞ்சை 26.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. தொடங்கி மூன்று ஆண்டு முழுமையாக நிறைவதற்குள் இவ்வளவு! சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்ததற்கு உரிய கூலி அது. ஆனால், மொய் வைத்தவர்களுக்கு மொய்தான் மிஞ்சியது. நோட்டு வைத்திருந்தவருக்கே கோடிகள் சேர்ந்தன என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

உங்கள் பக்கம் நாளொன்றுக்கு 200 முறை திறக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். 200 விளம்பரம் காட்டுகிறீர்கள். இரண்டுக்கு ஒன்று வீதம் 100 வரவு சேர்கிறது. ஆகவே உங்கள் விளம்பரம் பிறரிடம் 100 முறை தோன்றும். விளம்பரத்தைக் காணும் நூறு பேரில் ஒருவர் அதைச் சொடுக்குவதாகக் கொண்டால், உங்களிடம் வருபவர் ஒருவர். அதே வீதத்தில் நீங்கள் காட்டிய 200 விளம்பரங்களைச் சொடுக்கி உங்கள் வீட்டை விட்டு வெளியேறியவர் இருவர்!

இருவரை வழியனுப்பி ஒருவரை வரவேற்கிறோம். வெளியேறியவர் திரும்பி வரலாம். வந்தவர் நிலைத்துத் தங்கலாம். அப்படி நேர்ந்தால்தான் கணக்கு நேராகும். பரிமாற்றத்தினால் உலகில் வாசகர் தொகை பெருகிவிடுவதில்லை. இருப்பவரே இங்குமங்கும் மாறுகிறார்கள். நடுவில் ஒரு பங்கு நோட்டு வைத்திருக்கும் வீட்டுக்குப் போகிறது.

சீட்டுப் போடும் முறை

பின்னர் வலைப்பூ எழுதுவோர்க்கென்றே வேறு வகைப் பரிமாற்றங்கள் தோன்றின. 2007-இல் தொடங்கிய ‘என்ட்ரிகார்டு’ அவற்றுள் பெயர் பெற்றது. உறுப்பினர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிறு சதுரப் பெட்டி இருக்கும். அங்கே போய் அதைச் சொடுக்கினால் நம் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டு வந்ததாகப் பொருள். அதற்கு வரவு உண்டு. நாளொன்றுக்கு 300 சீட்டு வரை போடலாம். சேர்ந்த வரவைக் கொடுத்து, வேண்டிய வலைப்பூவில் ஒரு நாள் விளம்பரம் பெறலாம். நாடுவோர் மிகுந்த வலைப்பூவில் விலையும் மிகுதி. சில ஆண்டுகள் ஓகோவென்று நடந்த அந்நிறுவனம் பிறகு மூடப்பட்டுவிட்டது.

இன்னொரு வகையில், பிறர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இத்தனை வினாடி காத்திருந்தால் வரவு. இந்த வகைகளில் வரவு கிடைப்பது நம்மிடம் வாசகர் வருவதனால் அன்று, நாம் அலைவதனால். வேற்றுமை சிறிதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. அதைத்தான் நாங்கள் அனுபவித்தோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் சேர்ந்தது இத்தகைய அலையும் முறையில். இரவு சாப்பாடு முடிந்ததும் மனைவி செல்பேசியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். நாளுக்கு நூறு பக்கம் என்பது அவள் வைத்துக்கொண்ட கணக்கு. அவள் கண் அயர்ந்தால் நான் தொடர்வேன். எங்கள் பெண் பள்ளிப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, “அம்மா, நான் இருபது போடட்டுமா?” என்று வருவாள். ஒரு பக்கத்தையும் நாங்கள் படித்ததில்லை. எந்த மொழி என்றுகூடப் பார்த்ததில்லை. வினாடி முடிந்ததும் அடுத்தது.

இரண்டு மாதத்தில் வருகை பத்திலிருந்து 140 ஆக உயர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

ஒருநாள் இரவு அவள் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு, “ஏங்க, நம் வீட்டுக்கு இத்தனை பேர் வந்துவிட்டுப் போகிறார்களே, ஒருவராவது உட்கார்ந்தார்களா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. வருகைக் கணக்கை விரித்துப் பார்த்தேன். வந்தவர்களிற் பெரும்பாலோர் சில வினாடிகளே நின்றிருந்தார்கள். ஒரு கேள்வி இல்லை. ஒரு மறுமொழி இல்லை. அவர்கள் யார்? எங்களைப் போலவே வரவு சேர்க்க வந்தவர்கள்! நாங்கள் அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. அவர்களும் எங்கள் எழுத்தைப் படிக்கவில்லை. அவர்களில் தமிழ் அறிந்தவர் எத்தனை பேரோ! பந்தியில் உட்காராமல், மொய் எழுதிய கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடும் கூட்டம் அது.

வேறொன்றையும் அன்று கண்டோம். அந்த இரண்டு மாதத்தில் அவள் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. அதற்கு முன்பெல்லாம் வாரம் தவறாமல் எழுதியவள்! வாசகரைத் தேடி அலைந்ததில் வாசகருக்குத் தருவதற்கு எதுவும் இல்லாமற் போய்விட்டது.

மறுநாளே பரிமாற்ற நிரலை எடுத்துவிட்டோம். வருகை 140-லிருந்து 12 ஆகச் சரிந்தது. எனக்குத்தான் மனம் சங்கடப்பட்டது. அவள் எழுத உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஜனவரியில் ஜார்சுகுடாவிலிருந்து, கைக்குழந்தையுடன் புதிதாகக் குடிவந்த ஒரு சகோதரி எழுதியிருந்தார்: “நீங்கள் சொன்னபடி மாவுப் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்தேன், அக்கா. இன்றுதான் இட்லி எங்கள் ஊர் இட்லி போல வந்தது.” இதை அவள் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். இரண்டு மாதம் சேர்த்த வரவுகள் அனைத்தையும் இந்த ஒரு கடிதத்துக்கு ஈடாகச் சொல்ல முடியுமா?

சேர விரும்புவோர் நினைவில் கொள்ள

பரிமாற்றம் முழுவதும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சேருமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, எத்தனை காட்டினால் எத்தனை வரவு? மீதி எங்கே போகிறது? நிறுவனம் வரவைப் பணத்துக்கும் விற்குமானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நோட்டு வைத்திருப்பவரே புதிது புதிதாக வரவு எழுதி விற்கத் தொடங்கினால், நாம் பாடுபட்டுச் சேர்த்த வரவின் மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது, வருகிறவர் நம் மொழி அறிந்தவரா, நம் பொருளில் நாட்டமுடையவரா? தமிழில் எழுதும் சமையல் பக்கத்துக்கு, தமிழறிந்த பத்துப் பேர், அறியாத ஆயிரம் பேரினும் மேலானவர்கள்.

மூன்றாவது மிக முக்கியம். கூகுள் நிறுவனத்தின் ‘ஆட்சென்ஸ்’ வழியாக விளம்பரப் பணம் பெறுவோர், ஒருவருக்கொருவர் சொடுக்கி வருகை பெருக்கும் ஏற்பாடுகளில் சேரக் கூடாது. அது அவர்கள் விதிகளில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. மீறினால் கணக்கே மூடப்படலாம். சிறு வருமானம் உள்ள இல்லங்கள் இதை அறியாமல் கெடக் கூடாது. அளவு மீறி ஒருவர்க்கொருவர் இணைப்புக் கொடுத்துக்கொள்வதையும் அந்நிறுவனத்தின் தேடுபொறி விதிகள் குற்றமாகவே கருதுகின்றன.

அப்படியானால் வழி என்ன? 2004-இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். தமிழில் எழுதிய பலரின் புதுப் பதிவுகள் ஒரே இடத்தில் வரிசையாகத் தோன்றும். சொடுக்குக்கு வரவு, தோன்றுவதற்குப் பற்று என்ற கணக்கு அங்கே இல்லை. வந்தவர்கள் படிக்கவே வந்தார்கள்.

அதையே சிறு அளவில் நாமும் செய்யலாம். நம் சங்கத்தில் எழுதுகிறவர்களும் சிறு தொழில் செய்கிறவர்களும் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒருவர் பக்கத்தை மற்றவர் உண்மையாகவே படித்து, நல்லதென்று கண்டதைத் தம் வாசகருக்குச் சொல்லலாம். ஊறுகாய் வாங்கியவர், அது நன்றாக இருந்தால் இரண்டு வரி எழுதலாம். இங்கே நோட்டும் வேண்டாம். நடுவே பங்கு எடுப்பவரும் இல்லை. முகமறிந்தவர் வைக்கும் மொய் இது.

என் மனைவியின் பக்கத்துக்கு இப்போது நாளொன்றுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். அவர்களில் ஆறு பேர் இன்றும் எங்கள் உறவினர். மற்ற முப்பத்து நான்கு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.