இரும்புப் படி ஒன்று, உயிர்கள் பதினொன்று

2022 மார்ச் 23, அதிகாலை. செகந்திராபாத் போயிகுடாவில் ஒரு பழைய சாமான் கிடங்கு தீப்பிடித்தது. மேல்தளத்தில் பீகார் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வர இருந்தது ஒரே ஒரு சுழல் இரும்புப் படி. அதன் வழியே நெருப்பும் புகையும் மேலேறின. 11 பேர் இறந்தார்கள். ஜன்னல் வழியே குதித்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

ஐதராபாத்தின் கட்டடங்களையும் கிடங்குகளையும் தாங்கி நிற்பவர்கள் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள்தாம். ஆபத்து முதலில் தொடுவதும் அவர்களையே. ஆனால் மீட்புத் தொண்டர்களைத் திரட்டும்போது மட்டும் அவர்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. இது பெரிய பிழை.

2024 செப்டம்பர் 1-ஐப் பாருங்கள். கம்மத்தில் முன்னேறு ஆறு பெருக்கெடுத்து, பிரகாஷ் நகர் பாலத்தில் ஒன்பது பேர் சிக்கிக்கொண்டார்கள். மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வரவில்லை. ஜேசிபியை வெள்ளத்துக்குள் ஓட்டிப்போய் ஒன்பது பேரையும் கரைசேர்த்த ஓட்டுநர், ஹரியானாவிலிருந்து பிழைக்க வந்தவர்!

மத்திய அரசின் 'ஆப்தா மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தர வகுக்கப்பட்டது. அந்தப் பயிற்சி தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் போகவேண்டும். போஜ்புரியிலும் ஒடியாவிலும் பேசவேண்டும். எந்த அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே வசிப்பவருக்கே தெரியும். தீயணைப்பு வண்டி வரும்வரையிலான நிமிடங்கள் அவர் கையில்தான் இருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பட்டறையிலும் வெளிமாநிலத்தவர் இருப்பார்கள். 101, 108, 112 ஆகிய எண்களை அவர்கள் மொழியில் எழுதி இன்றே சுவரில் ஒட்டுங்கள்.