வந்த வழியைக் காட்டும் வரைபடம்

அன்னைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த புதிய மாத்திரையைப் பற்றி அறிய இணையத்தைத் திறக்கிறோம். ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்பைத் தொட்டு மற்றொரு பக்கத்திற்குச் செல்கிறோம். அங்கிருந்து வேறொன்று. அரை மணி நேரத்தில் இருபது பக்கங்களைக் கடந்துவிடுகிறோம். மறுநாள் வெளியூரிலுள்ள தங்கை தொலைபேசியில், "அந்தச் செய்தியை எங்கே படித்தீர்கள்?" என்று வினவும்போது, விடை கூற இயலாமல் திகைக்கிறோம்.

பார்த்த பக்கங்களை உலாவி குறித்து வைப்பது உண்மையே. ஆனால் அது நேர வரிசையில் அமைந்த வெறும் பட்டியல். எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்திற்குச் சென்றோம், எங்கே வழி பிரிந்தது என்பவற்றை அப்பட்டியல் காட்டுவதில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பழைய பக்கத்திற்கு வந்து, வேறோர் இணைப்பைத் தொட்டால், முன்பு சென்ற கிளை அப்பொத்தானின் நினைவிலிருந்து நீங்கிவிடுகிறது.

இக்குறையைப் போக்கும் எண்ணம் புதிதன்று. 1945 ஜூலையில் 'அட்லாண்டிக் மந்த்லி' என்னும் அமெரிக்க இதழில் வன்னேவர் புஷ் என்ற பொறியியல் அறிஞர் ஒரு கட்டுரை வரைந்தார். மேசை வடிவிலான 'மெமெக்ஸ்' என்னும் இயந்திரத்தை அதில் அவர் கற்பனை செய்தார். நூல்களும் கடிதங்களும் நுண்படச் சுருள்களாக அதனுள் இருக்கும். படிப்பவர் ஒன்றோடொன்றை இணைத்துத் தமக்கென ஒரு தடம் அமைப்பார். சிலுவைப்போர்க் காலத்துத் துருக்கியரின் குறுவில்லை ஆராயும் ஒருவர், தாம் அமைத்த தடத்தைப் படியெடுத்து நண்பரின் இயந்திரத்தில் சேர்க்கக் கொடுப்பதாக அவர் எழுதினார். அவ்வியந்திரம் உருவாகவேயில்லை. 1989இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த வலையமைப்பு நமக்கு இணைப்புகளைத் தந்தது. ஆனால் அவ்விணைப்புகளை அமைப்பவர் பக்கத்தை எழுதியவர். படிப்பவர் நடந்த தடத்திற்கு அங்கே இடமில்லை.

அத்தடத்தைக் காக்கும் வலைச்செயலியை அமைப்பது எவ்வாறு? ஒரு வலைப்பக்கம் மற்றப் பக்கங்களில் நாம் செய்வதை அறிய உலாவி இடங்கொடாது. ஆகவே உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சி என்னும் சிறு நிரல் முதலில் வேண்டும். எப்பக்கம் திறந்தது, எதிலிருந்து திறந்தது, எந்நேரம் என்னும் மூன்றையும் அது குறித்துக்கொள்ளும். செயலி அக்குறிப்புகளைப் பெற்று, பக்கத்தைப் புள்ளியாகவும் சென்ற வழியைக் கோடாகவும் வரையும். கிளைவிட்ட மரம்போல் நம் பயணம் திரையில் விரியும். பயனற்ற கிளைகளை நீக்கி, எஞ்சியவற்றின் அருகே, 'பக்க விளைவுகள் இங்கே தெளிவாக உள்ளன' என்பதுபோல் நாமே ஒரு வரி எழுதிவைத்தால், பிறருக்கு அது நல்ல வழிகாட்டி.

அரிய பகுதி இனித்தான் வருகிறது. நாம் தேடிய சொற்கள் பலவேளைகளில் பக்க முகவரியிலேயே, கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். அப்பகுதியை எந்திரம் கண்மூடித்தனமாக வெட்டவும் இயலாது. யூடியூபில் காணொளி இன்னதென்று காட்டும் குறியும் அங்கேதான் இருக்கிறது. எனவே எதை அனுப்புவது, எதை மறைப்பது என்பதை மனிதரே பார்த்து முடிவு செய்தாக வேண்டும்.

இது வீண் அச்சமன்று. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பேரின் தேடல் பதிவுகளை ஆய்வாளர் பயனுக்கென வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருந்தன. ஆயினும் சில நாட்களுக்குள், தேடிய சொற்களைக் கொண்டு, 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர்கள் ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டறிந்துவிட்டனர். நிறுவனம் பதிவுகளை விலக்கிக்கொண்டது. ஆனால் படிகள் அதற்குள் பலர் கைக்குச் சென்றுவிட்டன.

ஆதலால் இத்தகைய செயலியை அமைப்போர் சில நெறிகளைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும். பதிவுகள் உரியவரின் கருவியிலேயே தங்கட்டும். அவர் தொடங்கச் சொன்னால் மட்டும் பதிவு தொடங்கட்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு முகவரியும் அவர் கண்முன் காட்டப்படட்டும். ஒருமுறை அனுப்பியதைத் திரும்பப் பெறுதல் அரிது என்பதையும் செயலி ஒளிக்காமல் சொல்லட்டும்.

நாமும் தங்கைக்குத் தடத்தை அனுப்பும்போது, மாத்திரையைப் பற்றிய ஐந்து பக்கங்களை மட்டும் அனுப்புவோம். நள்ளிரவில் அன்னையின் நோயை எண்ணிக் கலங்கித் தேடிய மற்றப் பதினைந்தும் நம்மோடு இருக்கட்டும். அவற்றை அவளிடம் கூற வேண்டுமாயின், தொலைபேசியில் நாமே கூறிக்கொள்ளலாம்.