வீட்டு உபயோகத்திற்கான வெப் காமிராவைச் சோதித்தல்

பெங்களூரின் வடகிழக்குப் பகுதியில், குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகே அமைந்த லிங்கராஜபுரத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் அருகருகே வசிக்கின்றன. வீடுகள் நெருக்கமாக எழுந்தவை. ஒரே சாளரம் உள்ள அறைகளும், அச்சாளரத்திற்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும் அறைகளும் இங்கே அபூர்வமல்ல. 2020 மார்ச் 24 ஆம் தேதி இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் இத்தகைய அறைகளே பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பறைகளாயின. அடுத்த மாதமே மத்திய அரசின் இ-சஞ்சீவனி வாயிலாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் ஆலோசனை பெறும் வசதியும் தொடங்கப்பட்டது. ஆசிரியர் நோட்டைத் திருத்துவதும், மருத்துவர் நோயாளியின் கண்ணைப் பார்ப்பதும் ஒரு சிறு காமிராவின் வழியே நிகழும்போது, அக்காமிரா காட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எழுகிறது. விலையுயர்ந்த கருவிகள் ஏதுமின்றி வீட்டிலேயே இதைச் சோதித்து அறியலாம்.

இவ்வகைக் காமிராவின் பிறப்பு சற்று வேடிக்கையானது. 1991 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தினர், காப்பிப் பாத்திரம் காலியா நிரம்பியுள்ளதா என்பதை எழுந்து செல்லாமலே அறிய விரும்பி அதன்முன் ஒரு காமிராவை வைத்தனர். அகலத்தில் 128, உயரத்தில் 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. 1993 இல் இணையத்தில் ஏறிய அந்தக் காட்சி 2001 வரை உலகத்தார் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. காப்பியின் மட்டத்தை அறிய அப்படம் போதுமானதாக இருந்தது; ஒரு மாணவனின் கையெழுத்தை வாசிக்க அது போதாது.

காமிராப் பெட்டியின்மேல் முதலில் கண்ணில் படுவது புள்ளிகளின் தொகை. 640க்கு 480 எனில் ஏறத்தாழ 3 இலட்சம் புள்ளிகள். 1280க்கு 720 எனில் 9 இலட்சத்திற்குச் சற்று மேல். 1920க்கு 1080 எனில் 20 இலட்சத்திற்கு மேல். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களையும் காண்பதில்லை. 1976 இல் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒளியுணரும் சில்லின்மீது நிற வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிக்கப்படுகின்றன. பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், எஞ்சிய கால் பங்கு நீலத்தையும் உணர்கின்றன. விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகின்றனர். ஆகவே அச்சிட்ட எண் முழு உண்மையன்று.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு மிகச் சிறந்த சோதனைத் தாள் அரிச்சுவடியிலேயே இருக்கிறது. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் ஒரு வெள்ளைத் தாளில் மாற்றி மாற்றி, 5 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதிக்கொள்க. காமிராவின் பார்வைக் கோணம் கிடைமட்டத்தில் 60 பாகை எனக் கொண்டால், 60 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் அகலத்தைக் காண்கிறது. அந்த அகலத்தில் 640 புள்ளிகள் பரவினால் நம் எழுத்தின் உயரத்திற்கு 5 புள்ளிகள்கூடக் கிட்டா. சுழிகள் ஒன்றாகக் குழம்பிவிடும். 1280 புள்ளிகள் எனில் 9, 1920 எனில் 14 புள்ளிகள் கிட்டும். மாணவன் ‘மனம்’ எழுதினானா ‘மணம்’ எழுதினானா என்பது இந்தச் சில புள்ளிகளில் அடங்கியிருக்கிறது. குறையைக் காமிராவின்மேல் போடாமல் பிள்ளையின்மேல் போட்டுவிடும் ஆபத்தும் இங்கேதான்.

தாளை அருகே கொண்டுவந்தால் தீராதோ எனில், ஓரளவே தீரும். 30 சென்டிமீட்டரில் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்பது மெய்யே. எனினும் மலிவான காமிராக்கள் பலவற்றில் லென்ஸ் ஒரே தொலைவிற்குக் குவியம் அமைத்துப் பொருத்தப்பட்டது. மிக அருகில் வந்த பொருள் மங்கும். ஆதலால் 20, 30, 45, 60 சென்டிமீட்டர் தொலைவுகளில் தாளைப் பிடித்துப் படமெடுத்து, எந்த இடத்தில் சுழிகள் பிரிந்து தெரிகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். தாளின் நடுவில் தெளிவாகவும் மூலைகளில் மங்கலாகவும் தெரிந்தால் அது லென்ஸின் குறை.

அடுத்தது ஒளி. ஒளி துகள்களாக வந்து சில்லில் விழுகிறது. விழும் எண்ணிக்கை கணத்திற்குக் கணம் ஏறி இறங்கும். சராசரியாக 10,000 துகள் விழுமிடத்தில் இவ்வேறுபாடு 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்றாக இருக்கும். 100 துகள் மட்டுமே விழுமிடத்தில் அது 10, அதாவது நூற்றுக்குப் பத்து. இருண்ட அறையில் படம் மணல் தூவியதுபோல் காணப்படுவதன் காரணம் இதுவே. அங்கே பல காமிராக்கள் வினாடிக்கு 30 படம் எடுப்பதை 15 ஆகக் குறைத்து, ஒவ்வொரு படத்திற்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்கின்றன. அசையும் கை அப்போது இழுபட்டுத் தெரியும். வினாடி முள் துடிக்கும் கடிகாரத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நகர்த்தி, இரு துடிப்புகளுக்கு இடையே எத்தனை படங்கள் உள்ளன என்று எண்ணினால் உண்மையான வேகம் வெளிப்படும். பகலிலும் இரவிலும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும்.

பெங்களூரில் 1905 ஆகஸ்ட் 5 அன்று முதல் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. இன்று நம் நாட்டின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் குழல் விளக்கும் சில எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அமெரிக்க வழக்கப்படி காமிரா 60 சுழற்சிக்கு அமைக்கப்பட்டிருந்தால் படத்தில் கரும்பட்டைகள் மெல்ல நகரும். வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரத்தில் இரண்டு முழு மினுக்கல்கள் அடங்கும். 60இல் ஒரு பங்கில் அவ்வாறு முழுமையாக அடங்காமையே காரணம். அமைப்புப் பகுதியில் 50 என மாற்றினால் பட்டைகள் மறையும். இதை அறியாமல் நல்ல காமிராவைக் கடைக்குத் திருப்பி அனுப்புவோர் உண்டு. சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் வளைந்து தோன்றுவதும் பழுதன்று. சில்லு வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதன் விளைவு அது.

நிறச் சோதனைக்குச் சலவை வேட்டியோ வெள்ளைத் தாளோ போதும். பகல் ஒளியில் ஒரு முறையும், மஞ்சள் ஒளி விளக்கின்கீழ் ஒரு முறையும் படமெடுத்து ஒப்பிடுக. களப்பணியாளர் இதைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வெள்ளைத் தாளே மஞ்சளாகத் தெரியும் படத்தில் நோயாளியின் வெண்விழி மஞ்சளாகத் தெரிவதை மஞ்சட்காமாலை என்று கொள்ள இயலாது. உண்மையான மஞ்சளைக் காமிராவே ‘திருத்தி’ மறைத்துவிடுவதும் நிகழலாம். விழியருகே ஒரு வெள்ளைத் தாளையும் பிடித்துக் காட்டினால் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகங்கள் அடிக்கடி கடக்கும் இந்நகரில், வெளிச்சம் மாறும்போது காமிரா எவ்வளவு விரைவில் ஈடுசெய்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. சாளரம் முகத்திற்குப் பின்னே இருந்தால் எந்தக் காமிராவும் முகத்தை இருட்டடிக்கும். நாற்காலியைத் திருப்பிப் போடுவது செலவில்லாத பரிகாரம்.

இச்சோதனைகள் யாவும் முதலில் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். 1920க்கு 1080 அளவில் வினாடிக்கு 30 படங்களைச் சுருக்காமல் அனுப்பினால், புள்ளிக்கு 2 பைட் வீதம் வினாடிக்கு ஏறக்குறைய 100 கோடி பிட்டுகள் ஆகும். யூ.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வரம்போ 48 கோடிதான். ஆகவே காமிராவே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. இணைய உரையாடலில் அது மீண்டும் சுருக்கப்படுகிறது. உள்ளூர்ப் பதிவில் தெளிந்த எழுத்து மறுமுனையில் சிதைந்தால் பழி இணைப்பினுடையது.

பெட்டியிலுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2020 இல் வெளியான அறிவிப்பினால் வெப் காமிராக்களும் கட்டாயப் பதிவு முறைக்குள் வந்தன. அம்முத்திரை மின்சாரப் பாதுகாப்பைப் பற்றியது; படத்தின் தரத்தைப் பற்றியதன்று.

சோதனைத் தாளில் தேதி, நேரம், விளக்கின் வகை, தொலைவு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்க. சில மாதங்களில் படம் மங்கியதாகத் தோன்றினால், துவைத்த பழைய பருத்தித் துணியால் லென்ஸை மெல்லத் துடைத்துவிட்டு, அதே தாளை அதே தொலைவில் மீண்டும் பிடித்துப் பார்க்கலாம்.