அருவியும் ஆதுலர்சாலையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி மலையேறும் வீதியில் புசல்லாவையைக் கடந்து சென்றால், இறம்பொடை என்னும் சிற்றூர் நம்மை எதிர்கொள்ளும். வீதிக்கு மேலும் கீழுமாகப் பாய்ந்து விழும் அதன் அருவி ஏறத்தாழ 109 மீற்றர் உயரமுடையது. கீழே நோக்கினால் கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போற் கிடக்கும். மேலே நோக்கினால் தேயிலைச் சரிவுகள் முகிலிற் புகுந்து மறையும். குறிஞ்சி நிலத்தின் இயல்பைப் பல்லாண்டுகளாக வகுப்பறையிற் சொல்லிக் கொடுத்துவரும் எனக்கு, அவ்விடத்தில் நிற்கும்போதெல்லாம் உரையாசிரியர் எவரும் துணைக்கு வேண்டியதில்லை என்று தோன்றும்.

விடுமுறை நாள்களில் அந்த அருவியைக் காண வெளிநாட்டு இளைஞர் பலர் வருகின்றனர். அவர்கள் எல்லோரும் வெறும் உல்லாசப் பயணிகள் அல்லர். சிலர் வார நாள்களில் ஸ்டெதஸ்கோப்பை அணிந்து, பேராதனையிலோ கொழும்பிலோ காலியிலோ உள்ள போதனா வைத்தியசாலை விடுதிகளில் மருத்துவப் பேராசிரியரின் பின்னே நடப்பவர்கள். பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மருத்துவக் கல்லூரிகள், படிப்பின் பிற்பகுதியில் இருக்கும் மாணவரைச் சில வாரங்களுக்குத் தாமே தெரிந்தெடுக்கும் ஓரிடத்திற் சென்று பயில விடுகின்றன. 'எலெக்டிவ்' என்று அதற்குப் பெயர். தெரிவுப் பயிற்சி என்று நாம் சொல்லலாம். குளிர்நாட்டு மாணவர் பலர் அந்த வாரங்களைக் கழிக்க வெப்பநாட்டுத் தீவொன்றை நாடுவது வியப்பன்று. காலையில் நோயாளர் விடுதி. வார இறுதியில் கடற்கரை, புகையிரதப் பயணம், மலையேற்றம், அருவி. கல்வியும் களிப்பும் ஒரே பயணச் சீட்டில் அமைகின்றன.

இதனைக் குறைகூற இக்கட்டுரையை எழுதவில்லை. இளமையில் உலகைக் காணாதவன் எப்போது காண்பான்? ஆயினும், அருவியைக் காணும் கண்ணும் நோயாளியைக் காணும் கண்ணும் ஒன்றையொன்று அறியாமலே ஊர் திரும்பிவிடுமாயின், அப்பயணம் பாதிப் பயணமே. அவ்விரு கண்களையும் இணைக்கும் நரம்பு எது என்பதே இங்கே என் ஆராய்ச்சி.

அருவிக் கரையில் நின்று பார்ப்பவர்க்குத் தேயிலைச் சரிவு ஒரு பச்சைக் கம்பளம். காலைப் பெரட்டு முடிந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணுக்கோ அது வழுக்கும் படிக்கட்டு. மழைக்காலத்தில் அட்டை காலைக் கவ்வும். மரக்கிளையிலோ பாறையிடுக்கிலோ இருக்கும் குளவிக்கூடு கலைந்தால், அந்த மலையில் ஓடித் தப்ப வழி இல்லை. குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்னும் செய்தியை மலையகத்துக்கு நாளிதழ் வாசகர் அறியாதவர் அல்லர். நஞ்சு ஒவ்வாத உடலில் தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சுத் திணறும், குருதி அமுக்கம் சரியும். அந்நிலையில் தொடைத் தசையிற் போடும் ஓர் அட்ரினலின் ஊசி உயிரைக் காக்கும். தாமதம் உயிரைக் கொள்ளும். கம்பளத்தின் அழகை வியந்த மாணவர், அடுத்த நாள் விடுதிக் கட்டிலில் அக்கம்பளத்தை நெய்த கையின் வீக்கத்தைக் காண நேர்ந்தால், அன்றுதான் அவர் மலையைக் கண்டவராவார்.

இம்மலைநாட்டு மருத்துவத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. புசல்லாவையில் உள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களின் தொடக்கத்திலேயே சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தனர். எனினும் அந்நாளில் கோப்பியே அரசாண்டது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலை முழுதும் தேயிலை ஆயிற்று. இரு பயிர்களுக்கும் உழைத்தவர்கள், தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து வந்த நம் மக்கள். வழியிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1872இல் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தோட்டத்துரைமாரும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. அதன்பின் மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட மருந்தகங்களும் எழுந்தன. அண்மைக் காலத்தில், இந்திய அரசின் உதவியுடன் டிக்கோயாவிற் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. கட்டடம் வந்தது; கருவி வந்தது; மருந்தும் வந்தது. நோயாளியின் சொல், மருத்துவரின் செவிக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதே எஞ்சியுள்ள வினா.

சில ஆண்டுகளுக்கு முன் இறம்பொடையில் நண்பர் ஒருவர் இல்லத்தில், தெரிவுப் பயிற்சிக்கு வந்திருந்த ஆங்கில மாணவி ஒருவரைச் சந்தித்தேன். அருவியில் நனைந்த தலை உலருமுன்பே, கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். நான் தமிழாசிரியன் என்று நண்பர் சொல்லியிருந்தார் போலும். "ஐயா, வலி என்பதற்கு உங்கள் மொழியில் எத்தனை சொற்கள் உள்ளன?" என்று வினவினார். இத்தகைய வினாவை என் மாணவர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. காரணம் என்னவென்று கேட்டேன்.

அவர் பயின்ற விடுதியில், கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தாராம். முதல் நாள் ஒன்று சொன்னார். மறுநாள் வேறொன்று சொன்னார். இடையில் நின்று மொழிபெயர்த்த பணியாளர், வேலைப்பளுவின் நடுவே, இரண்டையும் 'நெஞ்சுவலி' என்றே சொல்லிச் சென்றார். மாணவியும் இரு நாளும் ஒரே சொல்லை எழுதிக்கொண்டார். மாலையில் தமிழறிந்த இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். மூதாட்டி முதல் நாள் சொன்னது 'நெஞ்சு கரிக்குது' என்பது. மறுநாள் சொன்னது 'நெஞ்ச அடைக்குது' என்பது. மருத்துவர் உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் செய்து, இதய நோய்ப் பிரிவுக்கு அவரை மாற்றினார். கரித்தல் பெரும்பாலும் இரைப்பைப் புளிப்பு மேலெழுவதைச் சுட்டும். அடைத்தலோ இதயத்தை ஐயுறச் செய்யும். சொல் மட்டும் நோயைத் தீர்மானிக்காது. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டவேண்டும் என்பதைச் சொல்லே காட்டும். "இரண்டு சொற்களை நான் ஒன்றாக்கி எழுதியிருந்தேன்" என்று அம்மாணவி தாழ்ந்த குரலிற் கூறினார்.

அன்று மாலை இருவரும் அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். குத்துதல், கடுத்தல், உளைதல், குடைதல், எரிதல், பிசைதல், பிடித்தல், இழுத்தல், தெறித்தல், மரத்தல், விறைத்தல். ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வு. குத்துவது முனையுள்ளது, குடைவது ஆழமானது, பிசைவது விட்டுவிட்டு வருவது, மரத்தல் வலியும் அற்ற நிலை. தலை வலிக்கலாம், கனக்கலாம், கிறுகிறுக்கலாம், விண்விண்ணென்று தெறிக்கலாம். இந்நான்கையும் 'தலைவலி' என்னும் ஒரே பெட்டியில் அடைத்தல் ஆகாது. மேலும், யாழ்ப்பாணத்தார் 'நோகுது' என்பர். மலையகத்தார் 'வலிக்குது' என்பர். அங்கே சத்தி என்பது இங்கே வாந்தி. ஆகவே, வடக்கிலிருந்து மலைக்கு வரும் தமிழ் மருத்துவரும் சில சொற்களைப் புதிதாகக் கற்கவே வேண்டும்.

"முதலில் எந்தச் சொல்லைக் கற்பது?" என்று கேட்டார் மாணவி. 'அம்மா' என்று கூறினேன். பின்னர் 'எங்கே வலிக்குது' என்பதோடு 'ங்க' என்னும் ஒலியைச் சேர்க்கச் சொன்னேன். "எங்கே வலிக்குதுங்க, அம்மா?" என்று அவர் தடுமாறிச் சொன்னார். வாழ்நாள் முழுதும் கட்டளையையே கேட்டுப் பழகிய முதியவளுக்கு, அந்த ஓரசையில் உள்ள மரியாதை எளிதிற் புலப்படும். மரியாதை புலப்பட்டாலன்றி நோயாளி தன் மறைவான நோயைச் சொல்வாளா?

மொழியைக் கற்று மருத்துவம் செய்த அயல்நாட்டார் இத்தீவுக்குப் புதியவர் அல்லர். அமெரிக்க நாட்டில் 1822இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல், இருபத்தைந்து வயது நிரம்பும் காலத்தில், யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவக் கல்வியையும் வளர்த்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் செல்வதையும், கிராமத்து நோயாளி கைவிடப்படுவதையும் கண்டு, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்றெல்லாம் நூல்கள் வெளிவந்தன. அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர் சமயப் பணிக்கென வந்தவர் என்பதும் வரலாறே. ஆயினும், நோயாளியின் மொழி மருத்துவத்துக்குப் புறம்பானதன்று என்று ஓர் அயலார் தம் உழைப்பால் நிறுவினார்; அது நம் கவனத்துக்கு உரியது.

சில வாரங்களுக்கு வரும் மாணவர் கிறீன் ஆகமுடியாது, ஆகவும் வேண்டியதில்லை. அவர்க்கு உரிய இடம் எது? திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். மாணவர் இன்னும் மருத்துவர் ஆகவில்லை. தம் நாட்டிற் செய்யத் துணியாத சிகிச்சையை ஏழை நாட்டு நோயாளியிடம் செய்து பழகுவது அறமன்று. நான்காம் கூறாகிய பேணுவோன் இடமே அவர்க்குப் பொருந்தும். பேணுவோனுக்கு வேண்டிய குணங்களுள், நோயாளியிடத்து அன்புடைமையையும் ஒன்றாகப் பரிமேலழகர் எண்ணுகின்றார். அன்பு காட்டச் சான்றிதழ் வேண்டா. ஆனால் சொல் வேண்டும்.

கல்வியும் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தமைக்கும் நம்மிடம் சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள திருமுக்கூடல் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கிருந்த கல்லூரியையும், பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலையையும் குறிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு ஊதியமும் அதில் வகுக்கப்பட்டுள்ளது. இலங்கையிலும் மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ஆகவே, நம் நாட்டுக்கு வரும் மாணவர் நமக்கு மருத்துவம் கொண்டுவருபவர் அல்லர். பழைய மருத்துவ மரபுடைய ஒரு மண்ணிற் கற்க வருபவர்.

ஓய்வு நாளைப் பற்றியும் ஒரு சொல். இறம்பொடையில் அநுமன் கோயில் ஒன்று உள்ளது. சீதையைத் தேடி அநுமன் இம்மலைகளில் உலாவினான் என்பது இவ்வூர் ஐதிகம். அதனை வரலாறாகக் கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். இலக்கிய மாணவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன். கம்பர் காவியத்தில், முதற் சந்திப்பிலேயே சொல்லின் செல்வன் என்று இராமனாற் போற்றப்பட்டவன் அநுமன்; பின்னர் மருத்துமலையைச் சுமந்து வந்தவனும் அவனே. மலையைத் தூக்கும் வலிமையை யாம் பெரிதாகப் பேசுகின்றோம். அதற்கு முன்பே, அசோக வனத்தில், துயருற்ற ஒருத்தியின் அச்சம் நீங்குமாறு அளந்து பேசிய அவன் நாவன்மையை அத்துணைப் பேசுவதில்லை. மருந்து சுமக்கும் தோளுக்கு முன்னே சொல் அறிந்த நா வேண்டும்.

இவ்வழகிய வீதிதான் நோயாளியைச் சுமந்து செல்லும் அம்புலன்ஸ் வண்டிக்கும் வழி. 2025 மே 11ஆம் நாள் அதிகாலை, கொத்மலைப் பகுதியின் கெரண்டி எல்லவில் பயணிகள் பேருந்து ஒன்று பள்ளத்திற் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காட்சிக்கு இனிய வளைவுகளே அவ்வேளையில் காயமுற்றோரின் தொலைவை நீட்டின. ஓய்வு நாளில் இவ்வழியே செல்லும் மாணவர், அருவியைப் படமெடுத்தபின், இங்கிருந்து வைத்தியசாலைக்கு எத்தனை நாழிகை என்று ஊராரை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அவ்வினாவே அவருடைய ஓய்வையும் கல்வியையும் ஒன்றாக்கிவிடும்.

நம் பங்கு ஒன்றும் இல்லையா? நோயாளி தமிழ் பேச, மருத்துவர் சிங்களமோ ஆங்கிலமோ பேசும் நிலை மலையகத்திற் பல விடுதிகளில் உள்ளது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சட்டம் கட்டிலருகே வந்து மொழிபெயர்க்காது. தமிழாசிரியரும் பண்டித வகுப்பு மாணவரும் தம் ஊர் மக்கள் நோயைச் சொல்லும் சொற்களைத் தொகுக்கலாம். லயந்தோறும் சென்று முதியோர் வாயிற் கேட்டு எழுதலாம். மருத்துவர் ஒருவரைத் துணைகொண்டு பொருளை வரையறுத்து, சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்துச் சிறு கையேடாக்கி, விடுதிதோறும் ஒரு படி வைக்கலாம். நிகண்டும் அகராதியும் கற்ற நமக்கு இது அரிய வேலை அன்று. அத்தொகுப்பை இந்த விடுமுறையிலேயே தொடங்குமாறு ஆசிரிய அன்பர்களையும் மாணவர்களையும் வேண்டிக்கொள்கின்றேன்.