சாந்துக்குள் ஒளிந்திருக்கும் சாம்பல்

உரோமர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் கட்டிய துறைமுகச் சுவர்களின் பகுதிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. கதிரவெளி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றால் கம்பி துருப்பிடித்துச் சீமெந்துத் தூண்கள் வெடிப்பதைக் காணும் எமக்கு இது வியப்பே. உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் நான் இதன் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சியே இறுகும், நீருக்குள் இறுகாது. ஆகவே உரோமர் அதனுடன் எரிமலைச் சாம்பலைக் கலந்தனர். இத்தாலியின் பொட்சுவோலி என்ற ஊரின் பெயரால் அதனைப் பொசொலானா என்பர். அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீரின் முன்னிலையில் சுண்ணாம்புடன் தாக்கமுற்றுக் கடினமான சேர்வைகளை உண்டாக்குகின்றன.

பழஞ்சாந்தில் இச்சாம்பல் உள்ளதை எப்படி அறிவது? ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மணலும் சாம்பல் துணிக்கைகளும் எஞ்சும். ஆனால் இது மட்டும் போதாது. எமது கடற்கரை மணலிலுள்ள சிப்பித் துண்டுகளும் முருகைக்கல் துகள்களும் அமிலத்தில் கரைந்துவிடுமே! எனவே சாந்தை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்க்கிறார்கள். விரைவாகக் குளிர்ந்ததால் பளிங்காகாத எரிமலைக் கண்ணாடி, குறுக்கு முனைவாக்கத்தில் இருண்டு தெரியும். அதில் வாயுக் குமிழிகளின் தடங்களும் இருக்கும்.

அடுத்து, சேர்வையில் மிகச் சிறிதளவே உள்ள சேர்க்கோனியம், நையோபியம் போன்ற மூலகங்களின் விகிதத்தை அளந்து, எந்த எரிமலையின் சாம்பல் என்றும் கண்டறிகிறார்கள். அரபியில் கைசாரியா எனப்படும் துறைமுகத்துக்கு, ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நேப்பிள்ஸ் குடாவிலிருந்து சாம்பல் கப்பலில் சென்றது இவ்வாறே தெரியவந்தது.

எமது நாட்டில் எரிமலை இல்லை. எனினும் சுட்ட களிமண்ணை அரைத்த சுர்க்கித் தூள் அதே வேலையைச் செய்யும். தென்னிந்தியாவில் 1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்தே கட்டப்பட்டது.

பெற்றோரே, பழைய வீட்டையோ பள்ளிவாசலையோ திருத்தும்போது சுண்ணாம்புச் சுவரின்மேல் உடனே சீமெந்து பூசிவிடாதீர்கள். சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளியேற விடாது. உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் சுவரை உதிர்த்துவிடும். உதிர்ந்த சாந்தில் ஒரு துண்டை எடுத்து வைத்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அறிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.