இறங்கும் காலுக்கு ஒரு படி

சரக்கு ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டியில் மனிதர்கள் குடியேறும்போது முதலில் முரண்டு பிடிப்பது அதன் வாசல்தான். ஐரோப்பாவில் கேம்பர் வேனாக மாறும் வண்டிகளில் பெரும்பங்கு ஃபியட் டுகாட்டோ. இத்தாலியின் அட்டெஸ்ஸாவில் உள்ள தொழிற்சாலையில் 1981 முதல் தயாராகும் வேன் இது. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால், பின்சக்கரம்வரை சுழல்தண்டு ஓட இடம் விட வேண்டியதில்லை. ஆகவே இதன் தளம் பின்சக்கரங்கள் தள்ளும் பெரிய வேன்களைவிடத் தாழ்வானது. அப்படியிருந்தும் வெறும் வண்டியின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 53 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் வெப்பத்தடுப்புப் பலகை, பிளைவுட், வினைல் விரிப்பு எல்லாம் போட்டு வீடாக்கும்போது 57 ஆகிவிடுகிறது. அந்தப் பின்சக்கர வேன்களில் இது 70 செ.மீ. அளவுக்குப் போகும்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 19 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. அப்படியானால் 57 செ.மீ. என்பது சரியாக மூன்று வீட்டுப் படிகள். இடையில் படி இல்லாவிட்டால், கேம்பர் வேனில் வசிப்பவர் மூன்று படிகளை ஒரே எட்டில் ஏறுகிறார், ஒரே எட்டில் இறங்குகிறார். தண்ணீர் பிடிக்க, நாற்காலி விரிக்க, எரிவாயு வால்வை மூட, நாயை நடத்திக் கூட்டிவர என்று ஒரு நாளில் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். டுகாட்டோவின் பக்கக் கதவை ஒட்டி உட்புறமாக ஒரு பள்ளப்படி உண்டு என்றாலும், வேனை வீடாக்குபவர்களில் சிலர் தளம் சமமாக வேண்டும் என்று அதையும் பலகை போட்டு மூடிவிடுகிறார்கள். செய்யக் கூடாத காரியம் அது.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மூச்சுக்கு அது உண்மை, முழங்காலுக்கு இல்லை. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், உள்ளேயே அளவுமானி பதித்த செயற்கை முழங்கால் மூட்டுகளை ஐந்து நோயாளிகளுக்குப் பொருத்தி, அன்றாட அசைவுகளில் மூட்டின்மேல் விழும் சுமையை நேரடியாக அளந்தார்கள். 2010இல் வெளியான அந்த முடிவுகளின்படி, சமதளத்தில் நடக்கும்போது மூட்டின்மேல் விழும் உச்ச விசை சராசரியாக உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. மாடிப்படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு.

காரணம் தசையின் வேலையில் இருக்கிறது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மேலே நிற்கும் ஒற்றைக் கால் மெதுவாக மடிந்து, மற்றக் கால் தரையைத் தொடும்வரை முழு எடையையும் தாங்க வேண்டும். தரை 57 செ.மீ. கீழே இருந்தால் அவ்வளவு தூரம் யாராலும் மெதுவாக மடிய முடியாது; கடைசிப் பகுதியை விழுந்துதான் கடக்கிறோம். இருபது வயதில் அந்த விழுகை ஒரு துள்ளல். அறுபதைத் தாண்டியவருக்கு, அதிலும் ஈரப்புல்லில், அது இடுப்பெலும்பு விஷயம். கேம்பர் வேன் வாங்குவோரில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம் என்பதால், படியும் கைப்பிடியும் அலங்கார உபரி ஆகிவிடாது. இரண்டையும் இறங்குபவரை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும். இறங்க வசதியான வாசல் ஏறுவதற்குத் தானாகவே வசதியாக இருக்கும்.

முதலில் படி. மிக எளியது கையால் எடுத்து வைக்கும் ஸ்டூல். விலை மலிவு, துளை போட வேண்டாம், ஓய்விடத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். ஆனால் மணலிலும் சேற்றிலும் ஒரு பக்கமாகப் புதையும். அதன் விளிம்பில் கால் வைத்தால் கவிழும். கால்கள் அகன்ற, மேற்பரப்பு சொரசொரத்த ஸ்டூலை, சமதளத்தில் மட்டும் பயன்படுத்தினால் குறையில்லை.

அடுத்தது வண்டியோடு நிலையாகப் பொருத்தும் படி. இங்கேதான் நெம்புகோல் கணக்கு உள்ளே வருகிறது. 90 கிலோ எடையுள்ளவர், வண்டியின் பக்கத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி நீட்டிய படியில் கால் வைக்கிறார் என்று கொள்வோம். படியைப் பிடித்திருக்கும் மேல்போல்ட்டுக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 10 செ.மீ. மட்டுமே என்றால், மேல்போல்ட்டுகளைப் பிடுங்க முயலும் இழுவிசை 90 × 25 ÷ 10, அதாவது 225 கிலோ. இது அசையாமல் நிற்கும்போது. தொப்பென்று இறங்கும் கணத்தில் இரண்டு மடங்காகலாம். வேனின் பக்கத் தகடோ பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. அதில் திருகாணி போட்டுத் தொங்கவிட்ட படி ஒரு கோடையைத் தாண்டாது. ஆகவே படியின் கைகளை வண்டியின் அடிச்சட்டத்திலோ, தொழிற்சாலையே இழுவைக்கும் இருக்கைக்கும் என்று விட்டுவைத்த கனத்த இடங்களிலோதான் போல்ட் போட வேண்டும்.

மூன்றாவது, வாசலடியில் மறைந்திருந்து பொத்தானை அழுத்தினால் வெளியே வரும் மின்படி. 12 வோல்ட் மோட்டார், பற்சக்கரத் தொகுதி, நான்கு இணைப்புக் கம்பிகள்: அவ்வளவுதான் அதன் உடல். வழக்கமான தாங்குதிறன் 150 முதல் 200 கிலோ. ஒரு சிறிய மோட்டாரால் எப்படி ஒரு பெரிய மனிதரைத் தாங்க முடிகிறது? அது தாங்குவதே இல்லை. படி முழுவதும் வெளிவந்த நிலையில் இணைப்புக் கம்பிகள் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து, அதையும் ஒரு சிறிதளவு தாண்டி நின்றுகொள்கின்றன. முழங்காலைப் பின்னுக்கு நேராக்கி நிற்கும்போது தசை உழைக்காமலேயே கால் எடையைத் தாங்குவது போன்ற ஏற்பாடு இது. மேலிருந்து அழுத்த அழுத்தப் பூட்டு இறுகும். மோட்டார் பக்கம் சுமை போகாது. உள்ளே இழுக்கும்போது மட்டும் மோட்டார் அந்தப் பூட்டை எதிர்த்திசையில் விடுவிக்கிறது. இயந்திரவியலின் அழகான சின்னத் தந்திரங்களில் ஒன்று இது.

மின்படியின் கம்பி இணைப்பில் ஒன்றைத் தவறவே விடக் கூடாது. எஞ்சின் உயிர்பெற்றதும் படி தானாக உள்ளே போக வேண்டும், அல்லது போகாவிட்டால் ஓட்டுநர் காதில் ஒலி எழுப்ப வேண்டும். வெளியே நீட்டியபடி ஓடும் படி, நடைபாதை ஓரத்தில் நிற்பவரின் கெண்டைக்காலுக்கு வெட்டுக்கத்தி. எஞ்சினைப் போடுவதற்கு முன் வாசலில் யாரும் கால் வைத்திருக்கவில்லை என்று குரல் கொடுத்து உறுதிசெய்வதும் அதே அளவு முக்கியம். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு, குளிர்நாடுகளில் உறைபனி, சாலையில் தூவும் உப்பு ஆகிய மூன்றும் இந்தப் படிக்கு எதிரிகள். மூட்டுகளில் சாதாரண கிரீஸ் தடவினால் அதில் மணல் ஒட்டி அரைக்கத் தொடங்கும். உலர்ந்து படியும் சிலிகான் அல்லது டெஃப்லான் மசகு பொருத்தமானது.

57 செ.மீ. வாசலுக்கு ஒற்றைப் படி வைத்தால் ஒவ்வோர் எட்டும் 28.5 செ.மீ. சற்றே ஆரோக்கியமானவருக்கு அது போதும். இரட்டைப் படி வைத்தால் எட்டுக்கு 19, வீட்டின் அளவு. ஆனால் இரண்டாம் படி தரைக்கு நெருக்கமாக வருவதால் கரடுமுரடான இடத்தில் முட்டும்.

இனி கைப்பிடி. பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், மின்படியை ஒத்திப்போட்டு நல்ல கைப்பிடியை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். படி, கால் இறங்கும் தூரத்தைக் குறைக்கிறது. கைப்பிடியோ கால் வழுக்கினாலும் மனிதரை நிறுத்துகிறது. லாரி உலகம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. எஞ்சினின் மேலேயே ஓட்டுநர் அறை அமைந்த உயரமான லாரிகளுக்கு, 1982 செப்டம்பர் முதல் தயாரானவற்றுக்கு, அமெரிக்க விதி ஒன்று உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தக் கணத்திலும் இரு கை, இரு கால் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வழி இருக்க வேண்டும். கைப்பிடி ஒவ்வொன்றும் 114 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கேம்பர் வேனுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் மனித உடல் இரண்டிலும் ஒன்றுதான்.

கடையில் கிடைக்கும் 20 செ.மீ. கைப்பிடி ஏன் பலருக்கு உதவாமல் போகிறது என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். உள்ளே நிற்பவரின் முழங்கை, தளத்திலிருந்து சுமார் 100 செ.மீ. உயரத்தில், சாலையிலிருந்து பார்த்தால் 157. அவரே கீழே இறங்கி நின்றால் இடுப்புயரம் 95 செ.மீ. இறங்கத் தொடங்கும் கணத்திலிருந்து கால் தரையில் ஊன்றும்வரை கை விடாமல் பிடித்திருக்க வேண்டுமானால், கைப்பிடி 95க்கும் 157க்கும் இடையே முழுக்க ஓட வேண்டும். அதாவது 60 செ.மீ.க்குக் குறையாத செங்குத்துக் கம்பி. இல்லையென்றால் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு. செங்குத்தாக இருந்தால் குள்ளமானவரும் நெட்டையானவரும் தத்தம் உயரத்தில் பிடிக்கலாம், இறங்க இறங்கக் கையைச் சறுக்கிக்கொண்டே வரலாம்.

பிடியின் பருமனும் முக்கியம். பிரிட்டனில் பேருந்துகளுக்கான 2000ஆம் ஆண்டு அணுகல் விதிகள் கைப்பிடிக் கம்பியின் விட்டம் 30 முதல் 35 மி.மீ. என்றும், அதற்கும் சுவருக்கும் இடையே 45 மி.மீ. இடைவெளி வேண்டும் என்றும் வரையறுக்கின்றன. மெல்லிய கம்பி உள்ளங்கையை அறுக்கும். மூட்டுவாதம் உள்ள விரல்கள் அதைச் சுற்றி மூட இயலாது. இடைவெளி குறைந்தால் குளிர்காலக் கையுறையோடு விரல் நுழையாது. சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறமும் வேண்டும், அப்போதுதான் பார்வை மங்கியவர் தேடாமல் பிடிப்பார்.

எந்தப் பக்கம்? இதை யோசிக்காமலே துளை போட்டுவிடுகிறார்கள். வாசலின் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருந்தால், உள்நோக்கி ஏறும்போது அது வலக்கைக்கு வருமானால், வெளிநோக்கி இறங்கும்போது இடக்கைக்குத்தான் வரும். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கு இரு பக்கமும் தேவை; அல்லது அவர் ஏணியில் இறங்குவதுபோல உள்நோக்கியே, பின்புறமாக இறங்கலாம். லாரி ஓட்டுநர்களும் அப்படித்தான் இறங்கப் பழக்கப்படுகிறார்கள். ஒரு கால் மட்டும் நோவுள்ளவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தரும் வழி: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே.

பொருத்தும் வேலையில் தகட்டின் மென்மை மறுபடி குறுக்கே வரும். பின்புறம் கை எட்டும் இடமாக இருந்தால், கைப்பிடியின் போல்ட்டைத் தகட்டின் வழியே முழுக்கச் செலுத்தி, பின்னால் உள்ளங்கை அகல எஃகுப் பட்டை ஒன்றை வைத்து நட்டு முடுக்க வேண்டும். இழுவை அந்தப் பட்டை முழுவதும் பரவும், தகடு குழியாது. கை எட்டாத இடத்தில் ரிவெட் நட்டு போடலாம், ஆனால் அது தகட்டின் வலிமையைத் தாண்டிய வலிமையைத் தராது. கதவருகே சமையல் மேடையின் பக்கப்பலகை இருந்தால் கைப்பிடியை அதில் மாட்டலாம். எடை குறைந்த பாப்ளர் பிளைவுட்டில் மரத்திருகு போட்டுவிட்டு நம்பக் கூடாது. இங்கும் ஊடுருவும் போல்ட்டும் பின்பட்டையும்தான். பலகையும் வண்டியின் உடலோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும்.

வேனின் உடலை விட்டுவிட்டுத் தனியே பெட்டி கட்டிய பெரிய மோட்டார் வீடுகளில் பிரச்சினை வேறு. அவற்றின் சுவர், வெளியே அலுமினியம் அல்லது கண்ணாடியிழை, நடுவே நுரைப்பலகை, உள்ளே மெல்லிய பிளைவுட் என்று மூன்றடுக்கு. போல்ட்டை முடுக்கினால் நுரை நசுங்கும். நசுங்க நசுங்கப் போல்ட் தளரும். தளர்ந்த துளை வழியே மழைநீர் நுழைந்து சுவரை உள்ளிருந்தே மக்கவைக்கும். சுவரின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய உலோகக் குழாய்த்துண்டைத் துளைக்குள் செருகி, அதன் வழியே போல்ட்டைச் செலுத்தினால் அழுத்தம் குழாயில் இறங்கும். ஃபியாமா செக்யூரிட்டி 46 போன்ற, பகலில் கைப்பிடியாகவும் இரவில் கதவின் குறுக்கே திரும்பிப் பூட்டாகவும் பயன்படும் 46 செ.மீ. தண்டுகள் இத்தகைய சுவர்களில்தான் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுக்கும் பின்னால் பட்டை அவசியம்.

ட்ரில்லை எடுக்குமுன் ஓர் எச்சரிக்கை. முன்கதவுக்கும் பக்கக்கதவுக்கும் நடுவிலுள்ள தூணும், கூரையின் ஓரமும் கைப்பிடிக்கு மிகப் பொருத்தமாகத் தெரியும். இருக்கைவாரை இழுத்துப் பிடிக்கும் வெடியமைப்பும், திரைபோல இறங்கும் காற்றுப்பைகளும், கம்பிக் கற்றைகளும் அங்கேதான் மறைந்திருக்கின்றன. வண்டித் தயாரிப்பாளர் வெளியிடும் உடற்கட்டு வழிகாட்டி நூலில் துளை போடக் கூடாத பகுதிகள் வரைபடமாகவே தரப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் அந்தத் தூணைத் தொட வேண்டாம்.

துளை போட்டபின் அதன் விளிம்பைத் தேய்த்து மழுக்கி, துத்தநாக ப்ரைமரும் வண்ணமும் பூசி, உலர்ந்த பிறகே கைப்பிடியைக் கசிவடைப்புப் பசையோடு முடுக்க வேண்டும். கீழே சிதறிய இரும்புத் துகள்களை அன்றைக்கே காந்தத்தால் வாரிவிடுங்கள். ஈரம் பட்டால் அவை வண்ணத்தின்மேல் துருப்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அலுமினியப் படியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் உப்புநீர் படும்போது அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்கும் இடையே நைலான் வாஷர் போட்டால் அரிப்பு குறையும்.

விளக்கு மீதி. ஒளியுள்ள அறையிலிருந்து இருட்டுக்குள் கால் வைப்பவருக்குக் கண் பழகுமுன்பே எடை இறங்கிவிடும். படியின் விளிம்பில் வெளிர்மஞ்சள் பட்டையும், வாசலின் அடியில் படியைப் பார்த்தபடி ஒரு சிறு எல்.இ.டி. பட்டையும் வேண்டும். விளக்கின் சுவிட்சைக் கதவின் உட்புறம், கைப்பிடியின் மேல்முனைக்கு அருகிலேயே வைத்துவிட்டால், பிடிக்கப்போகும் கையே அதைப் போட்டுவிடும்.