கையெழுத்தை மட்டும் வெட்டாதீர்கள்!



தபால்தலை, தீப்பெட்டிப் படம், பழைய நாணயம் என்று நீங்கள் எதையாவது சேர்த்து வைத்திருப்பீர்கள். நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்தவர்கள் கையொப்பமிட்ட கடிதங்களைச் சேகரிப்பவர்களும் உலகில் உண்டு.

அத்தகைய பதவி வகித்த ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். யார் தெரியுமா? மூதறிஞர் ராஜாஜி! 1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். (இவ்வூர் 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.) 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் இவரே. இவருடைய கடிதத் தொகுப்பு டெல்லியில், பிரதமர்கள் அருங்காட்சியக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

துண்டு துண்டான உரை

சிலர் கடிதத்தில் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை எறிந்துவிடுவார்கள். இது பெரிய தவறு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன், பதவியேற்பு விழாவுக்காகத் தம் கையால் எழுதி, பேசாமல் விட்ட உரை ஒன்று இருந்தது.  பிற்காலத்தில் ஸ்பார்க்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், வாஷிங்டன் கையெழுத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் அதை வெட்டி வெட்டிக் கொடுத்துவிட்டார். இன்றுவரை முழு உரையும் கிடைக்கவில்லை. சிதறிய துண்டுகளை வைத்துத்தான் அறிஞர்கள் படிக்கிறார்கள்.

அசலா, இயந்திரமா?

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் பல கடிதங்களில் கையெழுத்துப் போட்டது ஓர் இயந்திரம்! எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு தாள்களில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்சமாவது விலகும். அச்சாகப் பொருந்தினால் அது இயந்திரத்தின் வேலை என்று சந்தேகிக்கலாம்.

பாதுகாப்பது எப்படி?

* பசை, ஒட்டும் டேப், லேமினேஷன் வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.
* குண்டூசி குத்தாதீர்கள், துருக்கறை படியும்.
* உறையையும் வைத்திருங்கள். தபால் முத்திரை, ஊரையும் தேதியையும் சொல்லும்.
* வெயில், ஈரம், கரையான் அண்டாத இடத்தில் வையுங்கள்.

தாத்தா, பாட்டி வீட்டில் பழைய கடிதங்களைக் கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள். பழைய காகிதம் எடைக்குப் போகும் முன், அனுமதி கேட்டு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தலைவர் கடிதம் இல்லாவிட்டால் என்ன? உங்கள் கொள்ளுத் தாத்தா எழுதிய கார்டு கிடைக்கலாம். அதையும் வெட்டாமல், முழுதாக வையுங்கள்!